வாசலில் நிற்கும் காவலர்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று நம் திருவண்ணாமலைக்கு வருகின்ற வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குள் நுழைவதில்லை. ஒவ்வொரு சாலையிலும் ஊரின் எல்லையிலேயே தற்காலிகப் பேருந்து நிலையம் அமைத்து, வந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மாட வீதிக் கூட்டத்தினுள் சிக்கிக்கொண்ட பேருந்தை வெளியே எடுப்பதைக் காட்டிலும், அதை எல்லையில் நிறுத்துவது எளிது அல்லவா? கணினிக்கு நிரல் எழுதுவோரும் இதே முறையைத்தான் கையாளுகிறார்கள். நிரலுக்குள் வரும் ஒவ்வொரு செய்தியையும் வாசலிலேயே நிறுத்தி, "நீ உள்ளே வரத் தகுந்தவன்தானா?" என்று வினவுகிறார்கள். அவ்வாறு வினவும் காவலரைப் பற்றியும், அவர் ஒருவரைத் தடுத்து நிறுத்தும்போது நாம் செய்ய வேண்டியது யாது என்பதைப் பற்றியும் எங்கள் கணினிக் குழுவினர் அறிந்தவற்றை இங்கே தோழியருக்குச் சொல்ல விழைகிறோம்.

முதலில் சில சொற்கள். மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலைப் புரட்டியவர்களுக்குச் 'செயற்கூறு' என்னும் சொல் புதிதன்று. ஒரு வேலையை மட்டும் செய்து விடையைத் திருப்பித் தரும் சிறு நிரற்பகுதியே செயற்கூறு. அதற்கு நாம் கொடுக்கும் பொருளை ஏற்க வைத்திருக்கும் பாத்திரத்தின் பெயர் 'அளபுரு'. மாவரைக்கும் இயந்திரத்தில் தானியம் கொட்டும் வாய் இருக்கிறதே, அதைப் போன்றது. அந்த வாயில் அரிசியும் போடலாம், கல்லும் போடலாம். இயந்திரத்திற்கு வேறுபாடு தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். ஒருவர் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நடப்பார் என்று சொன்னால், சுற்றி வர ஆகும் நேரத்தைக் கணக்கிடும் செயற்கூறு ஒன்றை எழுதுகிறோம் என்று கொள்வோம். 14ஐ வேகத்தால் வகுத்தால் முடிந்தது. வேகம் 4 என்றால் மூன்றரை மணி நேரம். இதுவரை தொல்லை இல்லை. வேகம் 0 என்று ஒருவர் கொடுத்தால்? பூச்சியத்தால் வகுக்க இயலாமல் கணினி நின்றுவிடும். −4 என்று கொடுத்தால்? நிற்காது, மூன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுவார் என்று கூசாமல் விடை சொல்லும். 40 என்று கொடுத்தால் 21 நிமிடம் என்னும்; அது நடப்பவரின் நேரமன்று, வண்டியின் நேரம். இவற்றுள் எது மிகத் தீயது? நின்றுவிட்ட முதலாவது தீயதாகத் தோன்றும். எங்கள் கருத்து வேறு. நின்றுவிட்டால் தவறு நடந்தது நமக்குத் தெரிகிறது. மற்ற இரண்டிலும் தவறான விடை நல்ல விடையின் ஆடையை உடுத்திக்கொண்டு அடுத்த கணக்கிற்குள் போய்விடுகிறது.

இது வெறும் கற்பனைக் கவலை அன்று. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியான்–5 விண்கலம் முதன்முறையாகக் கிளம்பியது. ஏறத்தாழ 37 விநாடிகளில் பாதை மாறி உடைந்து சிதறியது. அதனுடன் நான்கு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. காரணம் ஓர் எண். விண்கலத்தின் பக்கவாட்டு வேகத்தைச் சார்ந்த ஒரு பேரெண்ணை, 32,767க்கு மேல் கொள்ளாத ஒரு சிறு பாத்திரத்தில் ஊற்ற நிரல் முயன்றது. ஏரியான்–4க்கு எழுதிய பழைய நிரற்பகுதி அது. பழைய கலத்தில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை. அவ்வாறு ஆபத்துக்கு இடமுள்ள ஏழு இடங்களில் நான்கிற்குக் காவல் போட்டிருந்தார்கள். கணினியின் சுமையைக் குறைக்க வேண்டி மூன்றைக் காவலின்றி விட்டார்கள். அந்த மூன்றில் ஒன்றுதான் கவிழ்த்தது.

இந்தக் கதையில் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது அதற்குப் பின் நடந்தது. பாத்திரம் வழிந்ததும் அந்தக் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. துணைக்கு வைத்த இரண்டாவது கணினியும் அதே நிரலை ஓட்டியதால் அதற்குச் சற்று முன்னரே அதே காரணத்தால் நின்றிருந்தது. நிற்கும் முன் 'இன்ன கோளாறு' என்று காட்டும் குறிப்பு ஒன்றை அது அனுப்பியது. கலத்தை ஓட்டும் தலைமைக் கணினியோ அந்தக் கோளாற்றுக் குறிப்பையே பறக்கும் திசையைக் காட்டும் எண்ணாக எடுத்துக்கொண்டு கலத்தைத் திருப்பிவிட்டது! பிழைச்செய்தியும் விடையும் ஒரே வழியாக வந்தால் நேரும் கதி இது. இன்றும் சிலர், தவறான பொருள் வந்தால் செயற்கூறு −1 என்று திருப்பித் தரட்டும் என எழுதுவதுண்டு. பத்து மதிப்பெண்களின் சராசரியில் அந்த −1உம் கலந்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது? ஆகவே பிழை வேறு கதவு வழியாகத்தான் வெளியேற வேண்டும். பாடநூலில் நாம் பயிலும் பைத்தான் மொழியில் 'ரைஸ்' என்னும் கட்டளை அந்த வேறு கதவு. 'டிரை', 'எக்செப்ட்' என்னும் இரண்டும் அக்கதவின் வெளியே நின்று பிழையை ஏந்திக்கொள்ளும் கைகள்.

பைத்தானில் காவலரை நாமே செயற்கூற்றின் முதல் வரிகளில் நிறுத்த வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2006இல் வெளியிட்டு, 2016இல் மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவிட்ட பவர்ஷெல் என்னும் கட்டளைமொழியிலோ, காவலருக்கென்று தனி இருக்கையே உண்டு. அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளையும் கணக்குகளையும் ஒருசேரக் கவனிப்போர் பயன்படுத்தும் மொழி இது. அளபுருவின் தலைக்கு மேல் ஒரு வரி எழுதினால் போதும். எண் இன்னதிலிருந்து இன்னதுவரை இருக்கலாம் என்று எல்லை வகுக்கலாம். நம் நடைவேகத்திற்கு 1 முதல் 8 வரை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியலில் உள்ளவை மட்டும் என்று கட்டுப்படுத்தலாம். இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று பாதையிலுள்ள எட்டு இலிங்கங்களின் பெயரைக் கொடுத்தால், ஒன்பதாவதாக எதையும் அது ஏற்காது. வடிவத்தையும் சொல்லலாம், அஞ்சல் குறியீட்டெண் ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூச்சியமாக இராது என்பது போல.

வடிவம் சரியாயிருப்பதும் செய்தி உண்மையாயிருப்பதும் ஒன்றல்ல என்பதை இடையே சொல்லிவைக்கிறோம். நம் ஊரின் 606601ஐ 606610 என்று மாற்றி எழுதினாலும் ஆறு இலக்கம்தான். வடிவம் பார்க்கும் காவலர் வழிவிட்டுவிடுவார். ஆதார் எண்ணில் இக்குறையை நீக்கவே பன்னிரண்டாம் இலக்கத்தை முதல் பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். வெர்ஹூஃப் என்னும் டச்சுக் கணித அறிஞர் 1969இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் அது தவறாமல் பிடித்துவிடும்.

இனி முக்கியமான இடத்திற்கு வருவோம். பவர்ஷெல்லின் காவலர் நிற்பது வீட்டிற்குள் அன்று, வாசற்படிக்கு வெளியே. அவர் தடுத்துவிட்டால் செயற்கூற்றின் முதல் வரிகூட ஓடுவதில்லை. ஆதலால் செயற்கூற்றின் உள்ளே 'டிரை' போட்டு, 'கேட்ச்' போட்டு எத்தனை வலை விரித்தாலும் அந்தப் பிழை அதில் விழாது. வீட்டுக்குள்ளே படுக்கை விரித்து வைத்து, தெருவில் விழுந்தவரைத் தாங்க நினைப்பது போன்றது அது. வலையை விரிக்க வேண்டிய இடம் தெரு. அதாவது, செயற்கூற்றை அழைக்கின்ற நிரல். புதிதாகப் பயில்வோர் பலரும் மணிக்கணக்கில் திகைத்து நிற்பது இங்கேதான்.

அழைக்கும் நிரலில் வலை இல்லாவிடில் என்ன ஆகும்? சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச்செய்தி திரையில் ஓடும். நிரல் நின்றுவிடும் என்றுதானே எண்ணுவோம்? நிற்பதில்லை. அந்த ஒரு கட்டளையை மட்டும் கைவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இதனால் விளையும் கேட்டைத் தோழியர் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். ஒரு வகுப்பின் மதிப்பெண்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செயற்கூற்றிடம் கொடுத்து, வரும் விடையை 'முடிவு' என்னும் பெட்டியில் வைத்து, பின் பட்டியலில் எழுதுகிறோம் என்று கொள்வோம். லூர்து மேரியின் விடை பெட்டிக்குள் வந்து எழுதப்பட்டுவிட்டது. அடுத்து அமுதாவின் மதிப்பெண் 78 என்பதற்கு மாறாக 780 என்று தட்டச்சாகியிருக்கிறது. காவலர் தடுக்கிறார். விடை வரவில்லை, ஆகவே பெட்டியில் புதிதாக எதுவும் விழவில்லை. ஆனால் பெட்டி காலியாகவும் இல்லை. லூர்து மேரியின் விடை அதிலேயே கிடக்கிறது. அடுத்த வரி அதை எடுத்து அமுதாவின் பெயருக்கு நேரே எழுதிவிடுகிறது. காவலர் தம் கடமையைச் செம்மையாகச் செய்தார். எனினும் ஒரு மாணவியின் மதிப்பெண் இன்னொருத்தியின் பெயரில் ஏறிவிட்டது. நூறு பெயர் ஓடும் திரையில் ஒரு சிவப்பு வரியை யார் கவனிப்பார்?

செய்ய வேண்டியது கடினமன்று. ஒவ்வொரு மாணவிக்கும் பெட்டியை முதலில் காலி செய்ய வேண்டும். செயற்கூற்றை அழைக்கும் வரியை 'டிரை'க்குள் வைக்க வேண்டும். பிழை வந்தால் பெயரையும், வரிசை எண்ணையும், கொடுத்த மதிப்பையும், காவலர் சொன்ன காரணத்தையும் தனி ஏட்டில் குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் செல்ல வேண்டும். ஒரு பெண்ணின் தட்டச்சுப் பிழைக்காக மற்ற அத்தனை பேரையும் நிறுத்தி வைப்பது நியாயமாகாது. அவளை ஓசையின்றி விட்டுவிட்டுப் போவதும் நியாயமாகாது. வேலை முடிந்தபின் அந்தத் தனி ஏட்டைப் படிக்க ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம். ஏடு எழுதுகிறவர்கள் ஏராளம், படிக்கிறவர்கள் குறைவு.

காவலர் பார்க்காமலே நழுவுகிறவையும் உண்டு. மதிப்பெண் முழு எண்ணாக இருக்க வேண்டும், 0 முதல் 100க்குள் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்து, 100.4 என்று கொடுத்துப் பாருங்கள். தடையின்றி உள்ளே போகும்! பவர்ஷெல் முதலில் எண்ணை முழுமையாக்கி 100 ஆக்கிய பின்னரே காவலரிடம் அனுப்புகிறது. அரை வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். 35.5 என்பது 36 ஆகும். 34.5 என்பதோ 35 ஆவதில்லை, 34 ஆகிறது. தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்ற நிலையில் இந்த வழக்கத்தின் விலை யாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஒன்றும் கொடுக்காதபோது பயன்படட்டும் என்று நாமே எழுதிவைக்கும் மதிப்பையும் காவலர் சோதிப்பதில்லை. வீட்டுக்காரர் வைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறார் போலும்.

தடுக்கும் காவலர் என்ன சொல்லித் தடுக்கிறார் என்பதும் கவனிக்கத் தக்கது. "செல்லாத உள்ளீடு" என்று இரண்டே சொல்லில் முடிக்கும் படிவங்களை நாம் இணைய மையங்களில் கண்டிருக்கிறோம். எது செல்லாது? ஏன் செல்லாது? எப்படி எழுதினால் செல்லும்? மூன்றிற்கும் விடை இல்லை. பவர்ஷெல்லில் வடிவச் சோதனை தோற்றால், அந்த வடிவத்தை எழுதிய கோடும் கொக்கியுமான குறியீட்டையே பயனாளியின் முன் கொட்டிவிடும். 2018இல் வந்த 6ஆம் பதிப்பு முதல் அதற்குப் பதிலாக நம் சொந்த வாக்கியத்தை எழுதிவைக்க இடம் கிடைத்தது. "அஞ்சல் குறியீட்டெண் ஆறு இலக்கம் இருக்க வேண்டும், நீங்கள் கொடுத்ததில் ஐந்து உள்ளன" என்று சொன்னால் எட்டாம் வகுப்புத் தங்கையும் திருத்திவிடுவாள். விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலையில் மையத்தில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு வாக்கியம் ஓர் ஆண்டுப் படிப்பின் மதிப்புடையது.

இதுவரை, வந்தவர் தவறு, காவலர் சரி என்றே பேசி வந்தோம். காவலர் கையில் இருக்கும் விதியே தவறாயிருந்தால்? எங்கள் பார்வையில் இதுவே பெரிய சிக்கல். ஏனெனில் தடுக்கப்படுபவர் நாமாக இருக்கிறோம்.

மாவட்டப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 1989இல் வடாற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்தைய பட்டியலைக் காவலர் கையில் கொடுத்திருந்தால், உண்மையான முகவரியை எழுதியவரைத் திருப்பி அனுப்பியிருப்பார். 2019இல் திருப்பத்தூர், இராணிப்பேட்டை முதலிய ஐந்தும், 2020இல் மயிலாடுதுறையும் சேர்ந்து இன்று மாவட்டங்கள் 38. பட்டியல் வைத்துக் காப்பவர் பட்டியலையும் காக்க வேண்டும்.

பெயர் இன்னும் நெருக்கமானது. தமிழராகிய நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயருமே உண்டு. படிவம் எழுதியவரோ முதற்பெயர், கடைப்பெயர் இரண்டும் கட்டாயம் என்று விதித்திருப்பார். கடைப்பெயர் இரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது என்றும், புள்ளி கூடாது என்றும் சேர்த்திருப்பார். 'ச. ஸ்தெல்லா' எங்கே போவாள்? ஒரு படிவத்தில் தந்தையின் பெயரைக் கடைப்பெயராக்குவாள்; இன்னொன்றில் தன் பெயரையே இரு முறை எழுதுவாள்; பின்னொரு நாள் சான்றிதழ்களை ஒப்பிடும் அலுவலர், இவர்கள் இருவரா ஒருவரா என்று கேட்பார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்ததும், கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் எனப் பின்னர் விளக்கம் வந்ததும் செய்தித்தாள்களில் வெளிவந்தன. அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயரினரின் பெயரைக் கடைப்பெயராகக் கொண்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் சுருக்கத்தை அச்சிடுகிறார்கள். பெற்றோர் பார்த்துப் பார்த்து வைத்த பெயரைப் பெட்டி இல்லாத காரணத்தால் 'அறியப்படவில்லை' என்பது நகைப்பிற்குரியதா, வருத்தத்திற்குரியதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

பெயரைத் தமிழிலேயே எழுதினால் வேறொரு தடை. 'பிரியா' என்பதில் நாம் மூன்று எழுத்தைக் காண்கிறோம். 1991 முதல் தமிழுக்கு இடம் தந்துள்ள யூனிகோடு முறையில் கணினி ஆறு குறிகளைக் காண்கிறது: ப, கொக்கி, ர, கொக்கி, ய, கால். அவற்றைச் சேமிக்கும் வழக்கமான முறையில் குறிக்கு மூன்று பைட்டாகப் பதினெட்டு பைட்டு. பெயர் பதினைந்தைத் தாண்டக் கூடாது என்று விதித்தவர் எழுத்தை எண்ணினாரா, குறியை எண்ணினாரா, பைட்டை எண்ணினாரா என்பதைப் பொறுத்துப் பிரியா உள்ளே வருவாள், அல்லது வெளியே நிற்பாள். 'ஜோதி'யின் கதை இன்னும் விந்தையானது. 'ஜோ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்று போலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள்.

இதற்கு மேலும் ஒன்று. பெயரில் எழுத்து மட்டுமே இருக்கலாம் என்று சோதிக்கப் பைத்தானில் 'இஸ்ஆல்ஃபா' என்னும் வசதி உண்டு. அதனிடம் 'பிரியா'வைக் கொடுத்தால் 'இல்லை' என்கிறது. கொக்கியும் காலும் அதன் கணக்கில் எழுத்தல்ல, எழுத்தோடு ஒட்டும் குறிகள். புள்ளியும் அப்படியே, ஆகவே 'மலர்'கூடத் தேறமாட்டாள். கொக்கி, கால், கொம்பு, புள்ளி எதுவும் இல்லாத பெண்பெயர் ஏதேனும் உண்டா என்று தோழியர் தேடிப் பார்க்கலாம், நல்ல பொழுதுபோக்கு.

இத்தகைய விதியை எழுதியவர் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. தம் ஊர்ப் பெயர்களை மட்டும் கொடுத்துச் சோதித்திருப்பார். அவை எல்லாம் தேறியிருக்கும். அதனால் எங்கள் குழுவில் பெயர் வாங்கும் செயற்கூறு எதை எழுதினாலும், அதைச் சோதிக்க ஒரு பட்டியலை வைத்திருக்கிறோம். முதலெழுத்தும் புள்ளியும் உள்ள பெயர் ஒன்று. இடைவெளி உள்ள 'லூர்து மேரி'. ஒரே சொல்லான 'உமா'. நீண்டதாக 'அமலோற்பவ மேரி'. இரண்டு விதமாகவும் தட்டச்சு செய்த 'ஜோதி'. இவை அனைத்தும் உள்ளே வர வேண்டும். பெயரே எழுதாத வெற்றிடம், வெறும் இடைவெளி, '12345' ஆகிய மூன்றும் தெளிவான தமிழ் வாக்கியத்தோடு வாசலில் நிற்க வேண்டும். எட்டில் ஐந்து உள்ளே, மூன்று வெளியே என்று வந்த பிறகே அந்தச் செயற்கூற்றை ஆசிரியையிடம் காட்டுகிறோம்.